பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் உடைந்துபோன வெளிப்புற பிளாஸ்டிக் பட்டைகளை நாமே மாற்ற முடியுமா?

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில், பின் சக்கரத்தின் மேல் மட்கார்டு விளிம்பை மூடி நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் வளைவு விரிசல் விட்டு ஒரு முனை தொங்குகிறது என்றும், கதவின் கீழே ஓடும் பட்டை ஓரிடத்தில் கழன்று வருகிறது என்றும், இவற்றை நீங்களே மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். பெரிய கருவிகளும் தேவையில்லை. ஆனால் புதுப் பட்டையை வாங்கி மாட்டுவது இந்த வேலையின் சிறு பகுதிதான். பழைய பட்டை எதனால் உடைந்தது, அதற்குப் பின்னால் இருக்கும் தகடு என்ன நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்க்காமல் மாட்டினால், புதியதும் அதே இடத்தில் உடையும். இதை நான் என் சொந்த வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் வண்டியின் இடப்பக்கப் பின் வளைவு முதன்முறை கழன்றபோது, உள்ளே இருந்த கிளிப்புகள் நொறுங்கிப் போயிருந்தன. புதுக் கிளிப் தேடப் பொறுமையில்லாமல், பட்டையிலும் தகட்டிலும் துளையிட்டு, ஐந்து ஸ்க்ரூக்களைப் போட்டு நன்றாக இறுக்கினேன். அசையாமல் நின்றது, எனக்கும் மனநிறைவாக இருந்தது. இரண்டு கோடைக்குள் அந்த ஐந்து துளைகளில் மூன்றிலிருந்து விரிசல் கிளம்பிவிட்டது. அதைவிட மோசமாக, நான் துளையிட்ட தகட்டின் விளிம்புகளில் துரு ஏறி, பெயின்ட் கொப்புளித்திருந்தது. பாடி வேலையில் பல்லாண்டு பழகிய ஒருவரிடம் காட்டினேன். அவர் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, பிளாஸ்டிக்கைக் கட்டிப் போடக் கூடாது. வெயிலுக்கு அது நீளும், குளிருக்குச் சுருங்கும். அதுக்கு வழி விடணும்” என்றார். இந்த வேலையில் நான் கற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தச் சொல்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு உண்மை என்பது விளங்கும். ஒரு மீட்டர் நீள எஃகுத் தகடு, வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 0.012 மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. இந்தப் பட்டைகளில் பெரும்பாலும் பயன்படும் பாலிபுரோப்பிலீன் கலவையோ, அதே நீளத்துக்கு, அதே ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீளும். விடிகாலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலில் கறுப்புப் பட்டை அடையும் சூட்டுக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். அப்போது தகடு அரை மில்லிமீட்டர் நீளும்போது பட்டை 4 மில்லிமீட்டர் நீளப் பார்க்கிறது. இந்த மூன்றரை மில்லிமீட்டருக்கு இடம் கொடுக்கத்தான் தொழிற்சாலைப் பட்டைகளில் ஒரே ஒரு துளை வட்டமாகவும் மற்றவை நீள்வட்டமாகவும் இருக்கும். வட்டத் துளை பட்டையை அதன் இடத்தில் நிறுத்துகிறது. நீள்துளைகள் பட்டையைத் தாங்கியபடியே நகரவும் விடுகின்றன. நான் செய்தது போல எல்லா இடத்திலும் இறுக்கிவிட்டால், நகர வழியில்லாத பட்டை ஒவ்வொரு நாளும் துளையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

இதனுடன் வயதும் சேர்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் இருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் தூள் அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்தாலும், ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டியில் மேற்பரப்பு வெளுத்து, விரலால் தேய்த்தால் சாம்பல் போன்ற பொடி ஒட்டும் நிலைக்கு வருகிறது. வெளுப்பு மட்டும் இருந்தால் பட்டை இன்னும் பயன்படும். பொடியோடு மயிரிழை விரிசல்களும் தெரிந்தால் அதைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்கும் முன் பிளாஸ்டிக்கின் வகையை அறிய வேண்டும். பட்டையின் பின்புறத்தைக் கழுவிப் பார்த்தால், இரு கூர் அடைப்புக்குறிகளுக்கு நடுவே வகைப் பெயர் அச்சாகியிருப்பது வழக்கம். பிபி என்றால் பாலிபுரோப்பிலீன். அதனுடன் ஈபிடிஎம் என்று இருந்தால் ரப்பர் கலந்தது. டி20 என்று இருந்தால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது. ஏபிஎஸ் என்பது வேறு வகை. குறி அழிந்திருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் என்று பலர் சொல்வார்கள். மிதந்தால் அது பிபி என்று நம்பலாம். மூழ்கினால் ஏபிஎஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; ஏனென்றால் தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் தூய பிபியின் அடர்த்தி 0.9 என்றாலும், 20 சதவீதம் டால்க் சேர்ந்ததும் அது ஏபிஎஸ்ஸின் 1.05-க்கு அருகே வந்துவிடுகிறது. பின்புறத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் தடவிப் பார்ப்பதே தெளிவான சோதனை. ஏபிஎஸ் என்றால் அந்த இடம் இளகிப் பிசுபிசுக்கும். பிபிக்கு ஒன்றும் ஆகாது. அதே காரணத்தால் ஏபிஎஸ் பட்டையில் விட்டுப்போன காதுகளை (பட்டையை மாட்டப் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டுகளை), அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பால் ஒட்டிவிடலாம். பிபியில் சாதாரணப் பசை எதுவும் நிலைக்காது. அதே வகை பிளாஸ்டிக் கம்பியை வைத்துச் சூட்டில் வெல்டிங் செய்ய வேண்டும். பட்டை உறுதியாக இருந்து காது மட்டும் உடைந்திருந்தால் வெல்டிங் செய்வது தகும். வெயிலில் நொய்ந்துபோன பட்டையில் வெல்டிங் நிற்கும். ஆனால் அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசல் தொடங்கும்.

மாற்றுப் பட்டை தேடும்போது மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே வண்டியின் நடுக்காலத்தில் வெளிப்பாகங்கள் மாறியிருக்கும். ஜீப் செரோக்கியின் பெட்டி போன்ற அந்த உருவம் 1984 முதல் 2001 வரை மாறாதது போலவே தோன்றினாலும், 1997-இல் அதன் வெளிப்புறப் பாகங்கள் பலவற்றை மாற்றினார்கள். மூன்று கதவு, ஐந்து கதவு என்ற வேறுபாடும் பின் வளைவின் உருவத்தை மாற்றக்கூடியது. உடைந்த பட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் பாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு வண்டியின் சேஸிஸ் எண்ணையும் கொடுத்துக் கேட்டால் தவறுக்கு இடமில்லை. ஆகவே புதியது கைக்கு வரும் வரை உடைந்ததை எறிய வேண்டாம். பக்கத்தில் வைத்துத் துளைகளின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றே வழி. பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடத்தில் வாங்குவதானால், காதுகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்து, பட்டையை இரு கைகளாலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைந்து மீண்டால் எடுத்துக்கொள்ளலாம். நறநறவென்று சத்தம் கேட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். அதைத் தாங்கியிருந்த உலோகப் பட்டிகளையும் தகட்டில் செருகியிருக்கும் சதுர நட்டுகளையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பட்டை கிடைத்தாலும் இவை தனியாகக் கிடைப்பது அரிது.

கழற்றும் நாளில் அவசரப்பட வேண்டாம். முதலில் மண் போகக் கழுவி, ஸ்க்ரூத் தலைகளில் அடைந்திருக்கும் சேற்றை ஊசியால் கிளறி எடுங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூவில் திருப்புளி சரியாகப் பதியாவிட்டால் தலை தேய்ந்துவிடும். அதன் பிறகு அரை மணி வேலை அரை நாள் ஆகும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வையுங்கள். பட்டையைச் சுற்றிய பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, உலோகத் திருப்புளிக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஆப்பைக் கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் செருகி நெம்புங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் பட்டைதான் முறியும். குளிர்ந்த பிளாஸ்டிக் எளிதில் முறியும் என்பதால் ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொள்வது நல்லது. ஆனால் எரிபொருள் நிரப்பும் வாய் பின் வளைவை ஒட்டியே இருக்கும் வண்டிகள் உண்டு. அந்தப் பக்கத்தில் சூடு காட்டவே வேண்டாம், வெயிலில் நிறுத்திவைத்தாலே போதும். கதவுப் பட்டை டபுள் சைடு டேப்பால் ஒட்டப்பட்டிருந்தால், தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் கீறல் விழாமல் அறுபடும்.

பட்டை கையில் வந்ததும் தகட்டைப் பாருங்கள். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். சக்கரம் வாரியடிக்கும் சேறு, பட்டைக்கும் மட்கார்டுக்கும் இடையிலான சந்தில் தங்கி, வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். வெளியிலிருந்து ஒரு கொப்புளம்கூடத் தெரியாத வண்டியில், பட்டையை எடுத்ததும் விரல் நுழையும் ஓட்டை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருப்புளியின் பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் தகடு மெலிந்திருக்கிறது. ஓட்டை இருந்தால் பிளாஸ்டிக் வேலையை நிறுத்திவிட்டு, அந்தத் தகட்டை வெட்டிப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்யக் கொடுத்துவிட வேண்டும். அதன் மேல் பட்டையை மாட்டி மறைப்பது, உங்களுக்குப் பிடித்த வண்டியை உள்ளிருந்து அரிக்க விடுவதாகும். மேல்துரு மட்டும் என்றால், பளபளக்கும் உலோகம் தெரியும் வரை கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, குழிகளில் எஞ்சிய துருவுக்கு அதை நிலைப்படுத்தும் திரவம் தடவி, எபாக்சி பிரைமர், பிறகு பெயின்ட் என்று போங்கள். ஒவ்வொரு துளையின் உள்விளிம்பையும் சிறு தூரிகையால் தனித்தனியாகப் பூசுங்கள். துரு பெரும்பாலும் வெட்டுவாயில்தான் தொடங்குகிறது. பெயின்ட் நன்றாக இறுகிய பிறகே கிளிப்பைச் செருக வேண்டும். இல்லையெனில் கிளிப்பே அதைச் சுரண்டி எடுத்துவிடும். உள்ளே எட்டாத சந்துகளில் துருத் தடுப்பு மெழுகைப் பீய்ச்சிவிடலாம்.

கிளிப்புகளைப் பொறுத்தவரை, பழையவற்றில் ஒன்றைக்கூட மீண்டும் போடாதீர்கள். அவை பெரும்பாலும் நைலான். நைலான் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தால் இளக்கமாக இருக்கும், உலர்ந்தால் முறுகிவிடும். பல காலம் பெட்டியில் கிடந்த புதுக் கிளிப்புகளும் செருகும்போதே ஒடிவதற்கு இதுதான் காரணம். அவற்றைச் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு எடுத்துச் செருகினால் வளைந்து கொடுக்கும். நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு கிளிப் ஒடிவது மிகக் குறைந்துவிட்டது. கிளிப்பின் கழுத்தில் பஞ்சு வளையம் இருந்தால் அதை அகற்ற வேண்டாம். துளை வழியே தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

மாட்டும்போது முதலில் ஸ்க்ரூ எதுவும் இல்லாமல் பட்டையை வைத்துப் பார்த்து, எல்லாத் துளைகளும் இழுக்காமல் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பாருங்கள். வட்டத் துளையை முதலில் பிடித்து, அங்கிருந்து இரு பக்கமும் நகருங்கள். ஏற்கெனவே மரை உள்ள பிளாஸ்டிக் துளையில் ஸ்க்ரூவை வைத்து முதலில் பின்புறமாகச் சுற்றினால், பழைய மரையில் அது சட்டென்று இறங்குவதை விரல் உணரும். அதன் பிறகு முன்புறமாகத் திருப்புங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, மூன்றாவது முறையில் துளை பிடிப்பை இழக்கும். எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு முடித்த பிறகே, கைத் திருப்புளியால் மட்டும், வாஷர் பட்டையைத் தொட்டு நிற்கும் அளவுக்கு இறுக்குங்கள். இயந்திரத் திருப்புளியை இந்த வேலைக்குக் கையில் எடுக்கவே வேண்டாம்.

டேப்பால் ஒட்டும் பட்டைக்கு அக்ரிலிக் ஃபோம் டேப்தான் ஏற்றது. இவ்வகை டேப் ஒட்டிய இருபது நிமிடத்தில் பாதி வலுவையே பெறுகிறது. முழு வலு வர மூன்று நாள் ஆகும், அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது. இரு பரப்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்த கலவையால் துடைத்து உலரவிடுங்கள். பட்டை பிபி என்றால், டேப் பிடிப்பதற்கான பிரைமரை அதன் பின்புறத்தில் தடவியே ஆக வேண்டும். முன்பு எப்போதாவது சிலிக்கான் பாலிஷ் போட்டிருந்தால் அதன் சுவடு போகும் வரை துடைக்க வேண்டும். அதன் மேல் டேப்பும் நிற்காது, பெயின்ட்டும் நிற்காது. வண்டி நிறத்திலேயே பட்டையைப் பூச விரும்பினால், பிளாஸ்டிக்குக்கான பிரைமரும் வளைந்து கொடுக்கும் பெயின்ட்டும் தேவை. கறுப்பாகச் சொரசொரப்போடு வந்த பட்டையை அப்படியே விடுவதுதான் என் விருப்பம். புதர்க்கிளை கீறினாலும் அதில் தெரியாது.

வேலை முடிந்ததும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கேயும் உரசவில்லை என்று பாருங்கள். பிறகு ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மீண்டும் பாருங்கள். சமதரையில் தெரியாத உரசல் அப்போதுதான் தெரியும். நல்ல வெயில் நாள்கள் சில கடந்த பிறகு, பட்டையின் முனையைப் பிடித்து நீளவாக்கில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். துளி நகர்ந்து கொடுத்தால் சரியாக மாட்டியிருக்கிறீர்கள். அசையவே இல்லையென்றால் நீள்துளைகளில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள்.