சீனாவின் மல்லிகைப் பாடலில் வரும் மலர் எது?

சீனாவின் ‘மோ லி ஹுவா’ நாட்டுப்பாடலில் வரும் மலர் எது, அப்பாடல் எப்படி உருவானது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மலர் நாம் சூடும் குண்டுமல்லியேதான்; ஜாஸ்மினம் சம்பக் எனப்படும் இச்செடி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெளியிலிருந்து சீனாவுக்குச் சென்று அங்கே வேரூன்றியது. மாலைக்குள் பறித்த மொட்டு இரவில்தான் விரிந்து மணம் வீசும் என்பதால், ஃபுஜோ நகரத்தார் அந்நேரத்தில் அதைத் தேயிலையோடு கலந்துவைத்து மணமேற்றுகின்றனர்.

சீனாவின் சிங் பேரரசுக் காலத்திலேயே பாடப்பட்டுவந்த இப்பாடலின் மெட்டை, ஜான் பாரோ என்ற ஆங்கிலேயர் 1804-இல் தம் பயணநூலில் வெளியிட்டார்; 1926-இல் அரங்கேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘துராந்தோத்’ இசைநாடகத்திலும் அது ஒலித்தது. பழைய வடிவம் மல்லிகையோடு வேறு மலர்களையும் பாடியது. ஜியாங்சு மாகாணத்தில் 1942-இல் அதைக் கேட்டு எழுதிக்கொண்ட இசைக்கலைஞர் ஹே ஃபாங், பின்னாளில் மல்லிகையை மட்டும் வைத்துத் திருத்தியமைத்தார்.

பாடலின் உயிர் அதன் தயக்கத்தில் இருக்கிறது என்பேன்: ஒரு பூவைப் பறித்துச் சூடிக்கொள்ள ஆசை, ஆனால் தோட்டக்காரர் திட்டுவாரோ, அடுத்த ஆண்டு செடி துளிர்க்காமல் போய்விடுமோ என்று கை பின்வாங்குகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பதக்கமேடைகளில் ஒலித்ததும் இம்மெட்டே.