தண்ணீர்ப் போத்தலுக்கு 130 ரூபாய்: லொறிக்கூலி ஒரு சாட்டா?

கேள்வி: யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 130 ரூபாயும் ஒரு கிலோ நாட்டரிசிக்கு 255 ரூபாயும் எடுத்தார்கள். கேட்டால், "கொழும்பிலிருந்து ஏத்தி வாற கூலி" என்கிறார்கள். பில்லும் தரவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 நெடுஞ்சாலை மூடிக்கிடந்த காலத்துச் சாட்டு இது. பாதை திறந்தும் வாயில் நின்றுவிட்டது. வர்த்தமானியில் வரும் அதிகபட்ச சில்லறை விலை நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஏற்றுகூலியும் குளிரூட்டிச் செலவும் அதற்குள் அடக்கம். 1 லீற்றர் போத்தலுக்கு 2025 ஏப்ரல் முதல் 100 ரூபாய். ஒரு கிலோ நாட்டரிசிக்கு 2024 டிசம்பர் விலைக் கட்டளைப்படி 230 ரூபாய்.

அரிசியில் ஒரு சிக்கல் உண்டு. முன்பு வந்த சில கட்டளைகளில் மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி என்ற அரிசி வகைகள் விலக்கப்பட்டிருந்தன. நீங்கள் வாங்கியது எது என்று சாக்கில் பாருங்கள். வாங்கிய நாளில் நடைமுறையில் இருந்த வர்த்தமானியையும் பாருங்கள். முறைப்பாடு இங்கேதான் பிசகக்கூடும். தண்ணீர்ப் போத்தலில் அந்தக் குழப்பம் இல்லை. அதை முன்னுக்கு வையுங்கள்.

வழக்கை நீங்கள் போடத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையே நீதவான் நீதிமன்றத்தில் தொடரும். 1977க்கு அழையுங்கள், அல்லது கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகம்) அதன் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். கடையின் பெயர், தெரு, திகதி, நேரம், பொருளின் பெயர், அளவு, கொடுத்த பணம் எல்லாம் இருக்கட்டும். போத்தலை எறியாதீர்கள். மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

பில் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். உத்தியோகத்தர்கள் வாடிக்கையாளர்போல ஆளை அனுப்பி வாங்கிப் பார்ப்பார்கள். வழக்கு அதில்தான் நிற்கும். கேட்டும் பற்றுச்சீட்டு தராதது தனிக்குற்றம், அதையும் எழுதுங்கள்.

அதிகபட்ச விலையை மீறி விற்றால், இந்தச் சட்டத்தின் 2021 திருத்தத்தின் பின் தனி வியாபாரிக்கு முதல் தடவையே 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், சிறையும் விதிக்கலாம். கம்பனி என்றால் 5 இலட்சத்தில் தொடங்கி 50 இலட்சம் வரை. தண்டம் அரசுக்குத்தான் போகும், உங்கள் 30 ரூபாய் திரும்பி வராது.

மீனையும் மரக்கறியையும் இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். கட்டளை இல்லாத பொருளுக்கு விலை கூடியது குற்றமாகாது. விலைப்பட்டியல் தொங்கவிடாவிட்டால் மட்டும் அதைத் தனியாகச் சொல்லலாம்.