விலா எலும்பு முறிந்தவருக்கு ரிக்ளைனர் தேவையா?

கேள்வி: அப்பா படியில் வழுக்கி விழுந்ததில் வலப்பக்கம் இரண்டு விலா எலும்புகள் முறிந்துவிட்டன. ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பகலில் சமாளிக்கிறார். இரவில் மல்லாந்து படுத்தால் வலி, எழுந்தால் இன்னும் வலி. ரிக்ளைனர், அதாவது முதுகைச் சாய்த்து காலை நீட்டிக்கொள்ளும் சாய்வு நாற்காலி, வாங்கலாமா? மார்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் ஒன்றை ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கிவிட்டோம்.

பதில்: முதலில் அந்த பெல்ட். மருத்துவர் சொல்லி வாங்கியது இல்லையென்றால் இன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு காலத்தில் இப்படிக் கட்டுவது வழக்கம்தான். இப்போது பொதுவாகக் கட்டுவதில்லை. இறுக்கிக் கட்டினால் வலி குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் அப்பா மேலோட்டமாகவே மூச்சு விடுவார். நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரை போகலாம்.

வலி கடுமையாக இருப்பது பெரும்பாலும் முதல் சில வாரங்கள்தான். அதற்காக ஒரு பெரிய நாற்காலியை வாங்கிப் போட வேண்டாம். சாய்வாகப் படுக்க வழி செய்தாலே போதும். வீட்டிலிருக்கும் தலையணைகளை அடுக்கினால் நடுராத்திரியில் ஒவ்வொன்றாக நழுவி, கழுத்து மட்டும் மடங்கிக் கிடக்கும். முக்கோண வடிவச் சாய்வுத் தலையணை வாங்குங்கள். அதற்கு முன், மடித்த போர்வைகளை அடுக்கி அப்பாவைச் சாய வைத்துப் பாருங்கள். எந்த உயரத்தில் 'அப்பாடா' என்கிறாரோ, அதை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வு ஒத்துவரும். நீளம் இடுப்பிலிருந்து தலை வரை இருக்க வேண்டும். குட்டையானது தோளை மட்டும் தூக்கி நெஞ்சை மடக்கிவிடும். முஷ்டியால் அழுத்துங்கள், அடிவரை அமுங்கும் ஃபோம் வேண்டாம். உறையைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். பிரித்த தலையணையைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்காத கடைகள் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள். முழங்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்தால் கீழே சரிய மாட்டார்.

அப்படியும் தூக்கம் வரவில்லையா? சரி, ரிக்ளைனரை வாடகைக்கு எடுங்கள், மோட்டார் வைத்ததாக. லீவரை இழுத்து, கால்பலகையைக் காலால் அழுத்தி மூடும் வகை நாற்காலியில், ஒவ்வொரு முறையும் வயிறு இறுகி விலாவில் சுரீர் என்று பிடிக்கும். கரண்ட் போனால் எப்படி நிமிர்த்துவது, பேட்டரி உண்டா, பழுதானால் யார் வருவார்கள் என்பதையும் கேளுங்கள்.

காசு செலவில்லாத விஷயங்களும் இருக்கின்றன. எழும்போது நேராக எழ விடாதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். எனக்கு விலா முறிந்திருந்தபோது, தும்மல் வருவதுபோல் இருந்தாலே கை சின்னத் தலையணையைத் தேடும். அதை முறிந்த இடத்தில் அணைத்துக்கொண்டு தும்மினால், இருமினால் வலி தாங்கும்படி இருக்கும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை பத்து மூச்சு, மெதுவாக, ஆழமாக இழுக்கச் சொல்லுங்கள். இரவு வலி மாத்திரையைப் படுப்பதற்கு அரைமணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மூச்சுத் திணறல், காய்ச்சல், சளியில் ரத்தம், வயிற்று வலி, கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: எனக்கும் விலாவில் முறிவு. தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: நீங்களாக வாங்காதீர்கள். வீரியமான வலி மாத்திரைகள் சில மூச்சின் வேகத்தைக் குறைக்கும். அதோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.