தீர்ப்பு சொல்லாத வட்டம்

கேள்வி: எங்கள் ஊர்க் கூர்நோக்கு இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போகிறேன். வழக்கில் சிக்கிய 15, 16 வயதுப் பையன்கள். நீதிக்கதை சொன்னால் கேலி செய்கிறார்கள். ‘திருடுவது எப்போதாவது சரியா?’ என்று விவாதிக்கச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் கைகலப்பு. தத்துவம் பேசிப் பழகினால் கோபத்தை அடக்க வரும் என்கிறார்களே! ‘இவனுங்களுக்குத் தத்துவமா?’ என்று அங்கிருக்கும் காவலர் சிரிக்கிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள், தங்கச்சி. அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். இளைஞர் நீதிக் குழுமத்தில் வழக்கு நடக்கும் பையனிடம் ‘திருடலாமா’ என்றால் அவன் காதில் அது இன்னொரு விசாரணை. போலீஸ் கேட்டாயிற்று, அம்மா கேட்டாயிற்று, இப்போது அக்காவுமா? அவன் வழக்கைத் தொடாத, ஆனால் அவனுக்கு ஒட்டுகிற கேள்வியாக எடுங்கள். நான் போய்வந்த இல்லத்தில் ஒருமுறை, ‘பயமே இல்லாதவனைத் தைரியசாலின்னு சொல்லலாமா?’ என்று கேட்டேன். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழவில்லை.

ஸ்காட்லாந்தில், ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தின் கிளேர் காசிடி, இப்படி வட்டமாக உட்கார்ந்து தத்துவம் பேசுவதைப் பூட்டிய காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். தத்துவ அறிஞர் கேத்தரின் மெக்கால் வகுத்த முறை அது. பேச நினைப்பவர் கை தூக்க வேண்டும். யார் எப்போது பேசுவது என்பது நடத்துபவர் கையில். தூக்கிய வரிசைப்படி வாய்ப்பு வராது. ‘அவன் சொன்னதை ஏத்துக்கிறேன்’ அல்லது ‘ஏத்துக்கலை’ என்று தொடங்கி, ‘ஏன்னா’ என்று காரணம் சொல்லியாக வேண்டும். நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லவே கூடாது. முடிவும் கிடையாது. நம் பட்டிமன்றப் பழக்கத்துக்கு இதுதான் கஷ்டம். நடுவர் தீர்ப்பு சொல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

கோபத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கை தூக்கிய பையனைப் பாருங்கள். கால் ஆடும், உதட்டைக் கடிப்பான், ‘அக்கா, அக்கா’ என்பான். அவன் முறை வருவதற்குள் மூன்று பேர் பேசிவிடுவார்கள். அதற்குள் அவன் சொல்ல வந்தது பாதி மாறியிருக்கும். அவர்கள் பேசுவதைக் கேட்காமல் அவனால் ‘ஏத்துக்கலை’ என்று தொடங்கவும் முடியாது. கை ஓங்காமல் ஒருவனை மறுத்துப் பேசிய முதல் அனுபவமே சிலருக்கு அதுதான். ‘பொறுமையாக இரு’ என்று நாம் ஆயிரம் முறை சொல்லியும் வராதது இதில் வருகிறது, அதுவும் மெதுவாகத்தான்.

முதலில் இருபது நிமிடம் போதும். பேசாமல் உட்கார்ந்திருப்பவனைத் தூண்டாதீர்கள். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். ஜாமீனில் பலர் அதற்கும் முன்பே போய்விடுவார்கள். அதனால் வாராவாரம் புது முகங்கள் இருக்கும், விதிகளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். சலிப்பாகத்தான் இருக்கும். ஒன்று கவனம்: இது சிகிச்சை அல்ல. தன்னையே காயப்படுத்திக்கொள்பவனைப் பற்றியும், தூங்காமல் கிடப்பவனைப் பற்றியும் அன்றைக்கே ஆற்றுப்படுத்துநரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தக் காவலரையும் ஒருநாள் வட்டத்தில் உட்கார வையுங்கள். அவரும் கை தூக்கித்தான் பேச வேண்டும்.

எப்படிப் போனது என்று எழுதுங்கள். பையன்களின் பெயரோ ஊரோ வழக்கோ வேண்டாம். அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு பத்திரிகைக்காரியான என்னையும் கட்டும்.