புண் இல்லாத நாளிலும் ஹெர்பிஸ் பரவுமா?

கேள்வி: எனக்கு 33 வயது, கல்யாணமாகி நான்கு வருடம். போன மாதம் ஆணுறுப்பில் எரிச்சலோடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமைப் போட்டேன், எரிச்சல் கூடியது. டாக்டர் பார்த்துவிட்டு ஹெர்பிஸ் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தொடர்பு இருந்தது, அதன்பிறகு மனைவியைத் தவிர யாரும் இல்லை. அவளுக்கு ஒரு கொப்புளமும் வந்ததில்லை, ஆனால் தொற்றுகளைப் பார்க்கும் டார்ச் ரத்த டெஸ்டில் ஹெர்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ். 'புதுசா வந்திருக்கு' என்று லேபில் சொன்னதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. இது எய்ட்ஸ் ஆகுமா? கேன்சர் வருமா? துண்டு, டாய்லெட் வழியாகப் பரவுமா? ஆயுசுக்கும் தாம்பத்யம் கூடாது என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே? புண் இல்லாதபோது சேர்ந்தாலும் ஒட்டுமா? ஹெர்பிஸ் மாத்திரையான அசைக்ளோவிர் வாங்கி அவளுக்கும் கொடுக்கலாமா? மனைவி இப்போது ஏழு மாத கர்ப்பம்.

பதில்: கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அவசரமான விஷயம் அது ஒன்றுதான், வருகிறேன்.

அதற்கு முன் சில பயங்களைத் தள்ளிவிடுவோம். ஹெர்பிஸ் எய்ட்ஸாக மாறாது, இரண்டும் வேறு வேறு வைரஸ். பிறப்புறுப்பு ஹெர்பிஸ் இருப்பவர்களுக்கு ஹெச்ஐவி சுலபமாகத் தொற்றும் என்பதால், அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் ஒருமுறை இலவசமாக ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்கிற இன்னொரு வைரஸ், இது இல்லை. துண்டிலும் டாய்லெட் சீட்டிலும் இருந்து வராது. அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்க்காதீர்கள்.

சரி, நீங்கள் உண்மையில் கேட்பது, ஒன்றுமே தெரியாத ஒரு நாளில் நான் இதை அவளுக்குக் கொடுத்துவிட்டேனா என்பதுதான். கொடுத்திருக்கலாம். ஹெர்பிஸ் பெரும்பாலும் அப்படித்தான் பரவுகிறது, ஏனென்றால் புண் எரிகிற நாளில் யாரும் கிட்டே போவதில்லை. இந்த வைரஸ் முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவ்வப்போது நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். சில தடவை கொப்புளமாக வெடிக்கும், பல தடவை பார்வைக்கு நன்றாக இருக்கிற தோலிலிருந்தே சில மணி நேரம் வெளியேறிவிட்டு அடங்கிவிடும், வலி, அரிப்பு, சிவப்பு எதுவுமே இருக்காது. 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டாம் வகை ஹெர்பிஸ் (பிறப்புறுப்பில் அதிகம் வரும் வகை) இருக்கிறவர்கள் தினமும் அந்த இடத்தைத் துடைத்து மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். கொப்புளம் வந்த அனுபவம் உள்ளவர்களிடம் சராசரியாக ஐந்து நாளில் ஒரு நாள் வைரஸ் இருந்தது; ஒரு கொப்புளம்கூடப் பார்த்தறியாதவர்களிடமும் பத்து நாளில் ஒரு நாள் இருந்தது. அது எந்த நாள் என்று கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. புண் வந்த அதே இடத்தில்தான் வெளியேறும் என்றும் இல்லை. விதைப்பை, தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் எங்கிருந்தும் வரலாம், அதனால்தான் ஆணுறை நல்ல பாதுகாப்பு என்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

இதைக் கேட்டு இடிந்துபோக வேண்டாம். 2004-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்த 1,484 தம்பதிகளை எட்டு மாதம் கவனித்தார்கள். ஆணுறை போடுங்கள், புண் இருக்கும்போது சேராதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். மாத்திரை எடுக்காத பக்கத்தில் துணைக்குத் தொற்றியது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. தினமும் 500 மி.கி. வாலசைக்ளோவிர் (அசைக்ளோவிர் இனத்து மாத்திரை) எடுத்தவர்கள் பக்கத்தில் அதிலும் பாதிதான். ஆக, ஆயுசுக்கும் விலகி இருக்க வேண்டும் என்பது பொய், ஒன்றும் ஆகாது என்பதும் பொய்.

அப்புறம் அந்த டார்ச் ரிப்போர்ட். ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் (தொற்று வந்ததும் ரத்தத்தில் முதலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) பார்ப்பதை நான் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அது எந்த வகை வைரஸ் என்று சொல்லாது, பழைய தொற்று திரும்பத் தலைகாட்டும்போதும் பாசிட்டிவ் வரும், தொற்றே இல்லாமலும் வரும். அதை வைத்து 'புதுசா வந்திருக்கு' என்று சொல்ல லேபில் இருப்பவருக்கு எந்த ஆதாரமும் கிடையாது. உங்கள் கொப்புளமும் அப்படித்தான்: உடம்பில் நுழைந்து வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்துவிட்டு முதல் தடவையாக வெளியே வரலாம். கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு வந்திருக்கலாம், அவளிடமிருந்தும் வந்திருக்கலாம், அவளுக்கு அது எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு இரண்டாம் வகை இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. இந்த நான்கு வருடத்தில் யார் எங்கே போனார்கள் என்பதற்கு இந்த ரத்தப் பரிசோதனை சாட்சி சொல்லாது. சந்தேகத்தை இரண்டு பேரும் விடுங்கள்.

இப்போது கர்ப்பம். பழைய தொற்று உள்ள பெண்ணின் உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாகி, அது குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் இதுவரை தொற்றே இல்லாத ஒரு பெண்ணுக்குப் பிரசவம் நெருங்கும் நேரத்தில் முதல் தடவையாகத் தொற்றினால், குழந்தைக்குப் போகிற வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். பிறந்த குழந்தைக்கு வரும் ஹெர்பிஸ் மூளை, ஈரல் வரை போகும், உயிரையே எடுக்கும். நான் பயப்படச் சொல்வது இதற்கு மட்டும்தான்.

அதனால் பிரசவம் வரை உடலுறவு வேண்டாம், ஆணுறையோடும் வேண்டாம், வாய்வழியும் வேண்டாம். இந்த வாரமே மனைவியை அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் போய், உங்களுக்கு ஹெர்பிஸ் என்று வாய்திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இதை மறைக்கிற கணவர்களைத்தான் எங்களால் மன்னிக்க முடிவதில்லை. இரண்டு பேருக்கும் ஒன்றாம் வகை, இரண்டாம் வகை என்று பிரித்துச் சொல்லும் ஐஜிஜி என்கிற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். ஒன்றாம் வகை பாசிட்டிவ் வந்தால் அலற வேண்டாம், அது உதட்டுக் கொப்புள வைரஸ், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருப்பது. இரண்டாம் வகை அரைகுறை அளவில் பாசிட்டிவ் வந்தால் நம்பிவிடாதீர்கள், மறுபடி பார்க்க வேண்டும். உங்களுக்கு இருக்கும் வகை அவளுக்கு இல்லை என்றால்தான் நான் மேலே சொன்ன விலகல் மிக முக்கியம். உங்களுக்கு மறுபடி கொப்புளம் வந்தால் க்ரீம் போடாமல், அது உடைந்து காய்வதற்குள், முதல் இரண்டு நாளிலேயே போய் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) மாதிரி கொடுங்கள், எந்த வகை என்று அதில் தெரிந்துவிடும். மெடிக்கல் ஷாப் க்ரீம்களில் பல ஸ்டீராய்டு கலந்தவை, வைரஸ் புண்ணில் அதைப் போட்டால் எரிச்சல் கூடாமல் என்ன செய்யும்?

மனைவியிடம் சொல்லிவையுங்கள்: பிறப்புறுப்பில் கொப்புளம், சிறு கீறல் போன்ற புண், சிறுநீர் போகும்போது கடும் எரிச்சல், இடுப்பிலிருந்து தொடைக்குச் சுருக்கென்று இறங்கும் வலி, காய்ச்சலோடு அடித்தொடையில் நெறி கட்டுதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. சிறுநீர்த் தொற்று என்று வீட்டிலேயே முடிவுகட்டி, பார்லி தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. பிரசவ வலி வந்த நேரத்தில் புண்ணோ அந்தச் சுருக்கென்ற எரிச்சலோ இருந்தால் சிசேரியன்தான், அப்போது வாதாடாதீர்கள். அசைக்ளோவிர் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துதான், தேவைப்பட்டால் 36-ஆம் வாரத்திலிருந்து அவர்களே கொடுப்பார்கள். நீங்கள் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குழந்தை பிறந்தபின் முதல் ஆறு வாரத்தில் தோலில் நீர்க்கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பியும் எழாத தூக்கம், வலிப்பு, இதில் எதைப் பார்த்தாலும் நடு ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், ஹெர்பிஸ் விஷயத்தையும் அங்கே சொல்லுங்கள். உதட்டில் கொப்புளத்தோடு பார்க்க வருகிற சொந்தக்காரர் யாரும் குழந்தையை முத்தமிடக் கூடாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.