போர்டில் எழுதிய பெயர்கள்

அன்புள்ள ஐயா,

ஆண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றில் விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். மாணவர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்க இந்த ஆண்டு ஏதாவது செய்யச் சொல்லி நிர்வாகம் கேட்டிருக்கிறது. ஹவுஸ் கேப்டன்கள், பேட்ஜ், வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து 3 நாள் முகாம் என்று யோசித்திருக்கிறோம். கேப்டன்களுக்குத் தேர்தல் வைப்பதா, நாங்களே நியமிப்பதா? பையன்கள் படிக்க நல்ல புத்தகங்களும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

போன வாரம் என் பேரன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தான். லீடர் பையன் போர்டில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு இவன் பெயரை எழுதிவிட்டானாம். "நான் பேசவே இல்ல தாத்தா, அவனுக்கு ரப்பர் தரலை, அதான்." அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

நானும் பெயர் எழுதினவன்தான். ஏழாம் வகுப்பில் ஒரு முறுக்குக்கு ஒரு பெயரை அழிப்பேன். முறுக்கு இல்லாதவன் அடி வாங்குவான். வாத்தியார் இல்லாத நேரத்தில் அவருக்குக் கண்ணாக இருப்பவன்தான் நம் ஊரில் லீடர். அவனுக்கு பேட்ஜ் வேறு குத்தப் போகிறீர்கள்!

இங்கிலாந்தில் ரக்பி பள்ளிக்கு 1828இல் தலைமையாசிரியராக வந்த தாமஸ் ஆர்னால்டு, ஆறாம் படிவத்து மூத்த பையன்களை நம்பி, சின்னவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் வரை அவர்களிடம் விட்டார். நல்ல மனிதர், நல்லதை நினைத்துத்தான் செய்தார். ஆனால் சின்னப் பையன் பெரியவனுக்கு எடுபிடி வேலை செய்யும் வழக்கம் அதே பள்ளிகளில்தான் தலைமுறை தலைமுறையாக நடந்தது. இரவில் விளக்கணைத்த பிறகு விடுதியில் என்ன நடக்கும் என்று காப்பாளரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நான் விடுதிக்குப் போனேன். அங்கே மாதத்துக்கு ஒருவன் மெஸ் லீடர். யாரையும் அடிக்க முடியாது, பெயர் எழுத முடியாது. சாயங்காலம் தலை எண்ணி, சமையல்காரரோடு ஸ்டோரில் நின்று அரிசி அளந்து கொடுத்து, நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். என் முறையில் ஒருநாள், பக்கத்து ஊருக்குக் கபடி ஆடப்போன 7 பேரை எண்ணாமல் விட்டுவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் புழுதியோடு வந்து தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கிறார்கள். அண்டாவில் அடிப்பிடித்த பருக்கைதான் இருக்கிறது. சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, "கணக்கு சொன்னது நீதானே தம்பி, நீயே போய்ச் சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். ஒருவனும் திட்டவில்லை. ஒருவன் பெட்டியைத் திறந்து பொரிகடலை எடுத்தான், எனக்கும் ஒரு கை கொடுத்தான். அதை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டிலாகப் போய் எண்ணினேன்.

வங்காளத்தில் தாகூர் நடத்திய சாந்திநிகேதனில் 1915 மார்ச் 10 அன்று காந்தி தொடங்கி வைத்ததும் இந்த மாதிரி வேலைதான். அன்று அதுவும் பையன்கள் தங்கிப் படிக்கிற பள்ளி. சமையலுக்கு ஆள் வேண்டாம், நீங்களே செய்யுங்கள் என்றார். ஒரு கூட்டம் காய் நறுக்கியது, ஒரு கூட்டம் பாத்திரம் தேய்த்தது. தேய்ப்பவர்களுக்கு அலுப்புத் தட்டாமலிருக்கச் சிலர் பக்கத்தில் சிதார் வாசித்தார்களாம், காந்தியே எழுதியிருக்கிறார். கொஞ்ச நாளில் அது நின்றுபோனது, சரி. ஆனாலும் வருஷா வருஷம் மார்ச் 10 அன்று அங்கே வேலையாட்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மாணவர்களும் ஆசிரியர்களுமே பெருக்குகிறார்கள், சமைக்கிறார்கள்.

புத்தகப் பட்டியல் தர மாட்டேன். பையன்கள் பிடித்ததைப் படிக்கட்டும். தேர்தலா நியமனமா என்கிறீர்கள். தேர்தல் வைத்தால் கபடியில் ஜெயித்தவன் வருவான், நியமித்தால் உங்களைப் பார்த்து வணக்கம் சொல்கிறவன் வருவான். முறை வைத்துவிடுங்கள், திக்குவாய்ப் பையனுக்கும் ஒரு மாதம் வரட்டும். கடிதத்தில் கேப்டன், பேட்ஜ், முகாம் எல்லாம் இருக்கிறது, ஒரு பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. அது எனக்குக் கோபம்தான். ஆனால் இதையெல்லாம் யோசித்து ஒருவருக்குக் கடிதம் எழுதும் காப்பாளர் என் காலத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

பயிற்சியாளருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஸ்டோருக்கு நல்ல தராசாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.