கைவிட்டுப் போன செல்வாக்கு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

'பேரரசாக இருந்த நாடுகளுக்கு அந்த நினைப்பு லேசில் போகாது' என்று ஓர் உரையில் சொன்னீர்கள். இன்றைய ரஷ்யாவைப் பார்த்தால் சரிதான் என்று படுகிறது. இழந்த செல்வாக்கை மீட்கப் படையெடுப்பைத் தவிர வேறு வழியே இல்லையா?

இரா.

அன்புள்ள இரா.,

இருக்கிறது. மீட்கிறேன் என்று படையோடு போய், கையில் இருந்ததையும் தொலைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கைகளில் இருந்த சூயஸ் கால்வாயை 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு எகிப்தில் இறங்கின. களத்தில் தோற்கவில்லை. ஆனால் பவுண்ட் ஆட்டம் கண்டது. முட்டுக்கொடுக்கப் பணம் கேட்டால், 'முதலில் சண்டையை நிறுத்துங்கள்' என்றது அமெரிக்கா. நவம்பர் 6 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் பாரிசுக்கு போன் செய்து, நிறுத்தப்போகிறோம் என்றார். அன்று பிரெஞ்சுப் பிரதமர் மொலேயுடன் பேச வந்திருந்தவர் மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் அடினாவர். ஐரோப்பாவைக் கட்டுங்கள், அதுதான் நீங்கள் தீர்த்துக்கொள்ளும் பழி என்ற பொருளில் அவர் சொன்னதாக, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பினோ பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அடி ஒன்றுதான், ஆளுக்கொரு பாடம் படித்தார்கள். இனி வாஷிங்டனைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று லண்டன் முடிவுசெய்தது. வாஷிங்டனை நம்பி இருக்கக் கூடாது என்று பாரிஸ். 1957 மார்ச்சில் ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கு வழிவகுத்த ரோம் ஒப்பந்தம், 1960இல் சொந்த அணுகுண்டு, 1966இல் அமெரிக்கா முன்னிற்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து விலகல். ரொம்பவும் மெச்ச வேண்டாம். அந்தக் குண்டை வெடித்தது, விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த அல்ஜீரியாவின் பாலைவனத்தில். நினைப்பு லேசில் போகாது என்றேனே, அது இதுதான்.

சரி, ரஷ்யாவுக்கு வருவோம். பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி அணியிடம் கிரிமியப் போரில் தோற்ற ரஷ்யா கருங்கடலில் போர்க்கப்பல் வைக்கக் கூடாது என்றது 1856 பாரிஸ் ஒப்பந்தம். 'ரஷ்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவில்லை, தன்னைத் திரட்டிக்கொள்கிறது' என்றார் வெளியுறவு அமைச்சர் கொர்ச்சகோவ். பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தது, ரயில் பாதைகள் நீண்டன. 1870இல் ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் பிரான்ஸ் சிக்கித் திணறிய நேரம் பார்த்து, அந்தக் கடல் நிபந்தனை இனி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கொர்ச்சகோவ் ஒரு சுற்றறிக்கை விட்டார். அடுத்த ஆண்டு லண்டன் மாநாடு ஒப்புக்கொண்டது. இதற்காக ஒரு குண்டுகூடச் சுடவில்லை. தர்மவான் வேலை என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீடு எரியும்போது வேலியை நகர்த்திய கதை. அதே ஆண்டுகளில் மத்திய ஆசியாவில் ரஷ்யப் படை முன்னேறிக்கொண்டும் இருந்தது. ஆனாலும் அந்த மனிதருக்குக் காத்திருக்கத் தெரிந்தது.

2022இல் அந்தப் பொறுமை இல்லை. நேட்டோ நெருங்கி வருகிறது என்பதை ஒரு காரணமாகச் சொல்லி உக்ரைனுக்குள் நுழைந்தார்கள். அடுத்த ஆண்டே பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. ரஷ்யாவோடு அதற்குள்ள எல்லை 1,300 கிலோமீட்டருக்கும் மேல்.